மதிலோரம் 60 அடி உயிர்வேலி: எக்ஸோரா (வெட்சி) மஞ்சளாகுது, அடி மொட்டையாகுது. என்ன செய்யலாம்?

#1 தெஹிவளை_வாசல்

எல்லாருக்கும் வணக்கம். வளவின்ர முன்மதில் 60 அடி நீளம், 4 அடி உயரம். கடலில இருந்து ஒரு கிலோமீற்றர் உள்ளே. மண் கபுக், அதாவது செம்பூரான்கல் மண். மதிலுக்கு உள்பக்கமா 5 அடி உயரத்துக்குப் பூக்கிற உயிர்வேலி வேணும். வீதித் தூசி வரக்கூடாது, உள்ளே பார்வையும் விழக்கூடாது. 40 அடிக்கு நாள் முழுக்க வெயில். மிச்ச 20 அடியில பக்கத்து மாடிக் கட்டடத்தின்ர நிழல் விழும், காலையில 3 மணித்தியாலம்தான் வெயில்.

பரீட்சார்த்தமா 14 எக்ஸோரா, மதிலில இருந்து ஒரு அடி தள்ளி வைச்சு 8 மாதம். புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. கீழே ஒரு அடிக்கு இலையே இல்லை, மேலே குடை மாதிரி விரியுது. மாதம் ஒருக்கா டொலமைட் போடுறன். தோட்டவேலைக்கு வாறவர் எல்லாத்தையும் பிடுங்கிப்போட்டு டுரன்டா வைக்கச் சொல்லுறார். உண்மையிலேயே பிடுங்கத்தான் வேணுமா?

#2 அலவாங்கு

பிடுங்க வேண்டாம். டொலமைட்டை இன்றோடு நிறுத்துங்கள்.

புது இலை மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புச்சத்து இலைக்குப் போகவில்லை. பழைய இலையிலிருந்து தொடங்கி முழு இலையும் வெளிறினால் அது நைதரசன் குறை. பழைய இலையில் நரம்பிடை மட்டும் மஞ்சளாகி, காம்புப் பக்கம் முக்கோணமாகப் பச்சை மிஞ்சினால் மக்னீசியம். உங்களுடையது முதலாவது.

கபுக் மண் இயல்பிலேயே புளிப்பானது. எக்ஸோராவுக்கு அதுதான் பிடிக்கும், pH 5 முதல் 6 வரை. ஆனால் மதிலோர மண் கபுக் அல்ல. மதில் கட்டும்போது விழுந்த சீமெந்துச் சாந்து, பூச்சு வேலையின் மிச்சம், உடைந்த கல் எல்லாம் அங்கேதான் புதைந்து கிடக்கும். மழை பெய்யப் பெய்ய அதிலிருந்து சுண்ணாம்பு கரைந்து வேரடிக்கு வரும். மண் காரமானதும் இரும்பு மண்ணில் இருந்தும் கரையாது, வேர் எடுக்க முடியாது. டொலமைட்டும் சுண்ணாம்பு வகைதான். அதை மாதாமாதம் போட்டால் குறை கூடத்தானே செய்யும்? அடுப்புச் சாம்பலும் இதே வேலையைத்தான் செய்யும்.

உறுதிப்படுத்த: மதிலடியில் ஆறு அங்குலம் தோண்டி ஒரு கைப்பிடி மண் எடுத்து வினாகிரி ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. வெறும் கபுக் நுரைக்காது.

இப்போதைக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ப் புளியை முதலில் விட்டு, பிறகு 5 கிராம் பெரஸ் சல்பேட் கரைத்து, வெயில் தாழ்ந்த பின் இலையில் தெளியுங்கள். 12 நாள் இடைவெளியில் மூன்று முறை. அன்றன்று கரைத்தது அன்றைக்கே முடிய வேண்டும். கரைசல் பழுப்பாகிவிட்டால் இரும்பு பயன்படாத வடிவத்துக்கு மாறிவிட்டது, ஊற்றிவிடுங்கள். மதிலிலும் தரை ஓட்டிலும் பட்டால் துருக்கறை பிடிக்கும், போகாது. ஆகவே பொலித்தீன் விரித்துவிட்டுத் தெளியுங்கள்.

இது முதலுதவி மட்டும்தான். கன்றுகளை மதிலிலிருந்து தள்ளி வைக்காமல் இந்த மஞ்சள் முழுதாகப் போகாது.

#3 பச்சைக்கரை

டுரன்டா பற்றி. பொன்னிற டுரன்டா ஆறு மாதத்தில் மதிலை மறைக்கும், கன்றும் மலிவு. ஆனால் கொழும்பு மழையில் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை வெட்டாவிட்டால் பம்மி விழும். வெட்டுக்கூலியை ஒரு வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள், மலிவு எங்கே போயிற்று என்று தெரியும். உங்கள் நிழல் பகுதியில் பொன்னிறமும் நிற்காது, வெறும் பச்சையாகிவிடும். காய் நஞ்சு, சின்னப்பிள்ளைகள் ஓடித்திரியும் வளவுக்கு ஆகாது. அலரிக்கும் இதே எச்சரிக்கை.

முழு 60 அடிக்கும் ஒரே இனம் வேண்டுமென்றால் எட்டேரியாதான் என் தெரிவு. சிறிய கரும்பச்சை இலை, வெயிலும் அரை நிழலும் ஏற்கும், வருடத்துக்கு மூன்று நான்கு வெட்டுப் போதும், கொஞ்ச நாள் காய்ந்து பிறகு மழை பெய்ததும் வெள்ளையாய்ப் பூத்து வீதி முழுக்க மணக்கும். குறை ஒன்றுதான்: மெதுவாக வளரும். இரண்டடி இடைவெளி, இரு முனையிலும் ஒரு அடி விட்டால் 30 கன்று.

பைக்கஸ் (ஆல், அத்தி இனம்) பக்கம் மட்டும் போகாதீர்கள். வெட்டி வெட்டி 5 அடியில் வைத்தாலும் வேர் 5 அடியில் நிற்காது. மதில் அத்திவாரம், கான், மலக்குழிக் குழாய் எல்லாவற்றையும் தேடிப் போகும்.

#4 தெஹிவளை_வாசல்

வினாகிரி ஊத்திப் பார்த்தன், நுரைச்சுது. பச்சைக்கரை, பின்வளவில ஒரு தேசிக்காய் மரமும் இரண்டு தோடையும் நிக்குது. எட்டேரியா வைச்சா அதுகளுக்குப் பிரச்சினை எண்டு கேள்விப்பட்டன், சரியா?

#5 பச்சைக்கரை

சரிதான், அதை முதலே கேட்டிருக்க வேண்டும். எட்டேரியா கறிவேப்பிலைக்கு உறவு, இரண்டுமே தோடைக் குடும்பம். தோடையின் இலையை மஞ்சளாக்கி மரத்தையே சாகடிக்கும் கிருமியைக் கொண்டுதிரியும் சிறு தத்துப்பூச்சி எட்டேரியாக் கொழுந்தில் நன்றாகப் பெருகும். வேலியை வெட்டும்தோறும் புதுக் கொழுந்து வரும். அதாவது வருடம் முழுக்க அந்தப் பூச்சிக்கு நாமே விருந்து வைக்கிறோம். கறிவேப்பிலை நிற்கிற வளவில் அந்தப் பூச்சி எப்படியும் கொஞ்சம் இருக்கும். ஆனால் ஒரு கறிவேப்பிலை மரம் வேறு, 60 அடி வேலி வேறு. தோடையை வைத்துக்கொள்ள விரும்பினால் எட்டேரியாவை விடுங்கள்.

அப்படியானால் வெயில் பக்கம் 40 அடிக்கு எக்ஸோரா, நிழல் பக்கம் 20 அடிக்கு நந்தியாவட்டை. எக்ஸோரா ஒன்றரை அடி இடைவெளி, முனைகளில் அரை அடி விட்டால் 27 கன்று. 14 உங்களிடம் இருக்கிறது, இன்னும் 13 போதும். நந்தியாவட்டை இரண்டடி இடைவெளி, முனைகளில் ஒரு அடி விட்டால் 10 கன்று. சந்திக்கும் இடத்தில் இடைவெளி ஒன்றரை அடியாகவே வரும், பிரிவு தெரியாது.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள். பத்தரமுல்லை தியத உயனக் கடைகளானாலும் வீதியோர நாற்றுமேடையானாலும், ஒற்றைத் தண்டில் மூன்றடி நிற்பதைவிட அடியிலிருந்தே நாலு கிளை விட்ட ஒரு அடிக் கன்றுதான் வேலிக்கு நல்லது. பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். வேர் வட்டமாகச் சுற்றித் தடித்திருந்தால் வாங்க வேண்டாம். வேறு வழியில்லை என்றால், நடும்போது வேர்க்கட்டியின் நாலு பக்கமும் கத்தியால் ஒரு அங்குல ஆழம் மேலிருந்து கீழே கீறிவிடுங்கள். அப்படியே நட்டால் வேர் நிலத்துக்குள்ளும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

#6 கவ்வாத்துக்கத்தி

அடி மொட்டையாகுறதுக்கு நான் சொல்றேன். இதுக்கு உரம் மருந்து இல்லை, வெளிச்சமும் கத்தியும்தான் மருந்து.

செடி உச்சிக் கொழுந்து இருக்கும்வரை பக்கக் கண்களை எழும்ப விடாது. 5 அடி வரட்டும், பிறகு வெட்டுவோம்னு காத்திருந்தீங்கன்னா அஞ்சாவது அடியிலதான் கிளை வெடிக்கும். கீழே வெறுங்கால். அது குடையா விரிஞ்சதும் அடிக்கு வெயில் போகாது, மிச்ச இலையும் கொட்டும். உங்க எக்ஸோராவுல நடந்தது இதுதான்.

நட்டு மூணு வாரத்துல கன்று பிடிச்சதும் உயரத்துல மூணுல ஒரு பங்கை வெட்டுங்க. மனசு கேட்காது, ஆனா வெட்டணும். அதுக்கப்புறம் புதுத் தளிர் 6 அங்குலம் வளரும்போதெல்லாம் பாதியை, 3 அங்குலத்தை, எடுத்துடுங்க. மேலே மட்டுமில்லை, பக்கமும். ஒவ்வொரு வெட்டுக்கும் 3 அங்குலம்தான் மிஞ்சும். ஒரு அடிக் கன்று 5 அடியாக 16 வெட்டு. ஏழெட்டு வாரத்துக்கு ஒரு வெட்டுன்னா இரண்டு, இரண்டரை வருசம். இதைக் குறுக்க வழி இல்லை.

வடிவம்: அடி அகலம், உச்சி ஒடுக்கம். 5 அடி உயரத்துக்கு அடியில 3 அடி, உச்சியில 2 அடி. நேர்ச்சுவர் மாதிரி வெட்டினாலும் காலப்போக்குல மேல்பக்கம்தான் தடிக்கும், ஏன்னா மேலேதான் வெயில். தேயிலை மலையில மேசை மாதிரி மேலே தட்டையா, அகலமா வைக்கிறது கொழுந்து கிள்ள வசதிக்கு. அங்கே அடியில இலை இருக்கணும்னு யாருக்கும் அவசியமில்லை. வேலிக்கு அது நேர் எதிர். அங்க பழகின கை இங்க வந்து வேலியையும் மேசையா வெட்டிவிடும், பக்கத்துல நின்னு பாருங்க.

கண்ணளவு நம்பாதீங்க. இரண்டு முனையிலயும் சாய்வா கம்பு நட்டு, அடியில ஒரு கயிறு, உச்சியில ஒரு கயிறு இழுத்துக் கட்டி அதோட வெட்டுங்க. பெருமழை நாள்லயும் பெப்ரவரி உச்சி வெயில்லயும் வெட்ட வேண்டாம். மழையில வெட்டுவாய் வழியா பூஞ்சணம் இறங்கும், உச்சி வெயில்ல உள்ளிருந்த இலை கருகும். கத்தி வாயை 70 சதவீத ஸ்பிரிட்ல துடைச்சுட்டுத் தொடங்குங்க.

#7 தெஹிவளை_வாசல்

அப்ப 14 பழைய கன்றையும் கிளப்பி நட்டுத்தான் பிறகு வெட்டோணுமா, அல்லது வெட்டிப்போட்டு நடவா? மதிலில இருந்து எவ்வளவு தள்ளி? எங்கட காணியே 9 பேர்ச். வேலிக்கு ஒரு பேர்ச்சைக் குடுக்க வீட்டில சம்மதிக்கமாட்டினம்.

#8 அலவாங்கு

கணக்குப் பார்ப்போம். அடி அகலம் 3 என்றால் வரிசையின் நடு மதிலிலிருந்து 2½ அடி. முன்பக்கம் 1½ அடி. மொத்தம் 4 அடிப் பட்டை, 60 அடிக்கு 240 சதுர அடி. ஒரு பேர்ச் 272¼ சதுர அடி, ஆகவே ஏறத்தாழ ஒரு பேர்ச்தான். குறைக்க வேண்டுமென்றால் அடி அகலம் 2 அடி, உச்சி 1¼ அடி, நடு மதிலிலிருந்து 2 அடி. 3 அடிப் பட்டை, 180 சதுர அடி, மூன்றில் இரண்டு பேர்ச். அதற்கும் கீழே போனால் மறுபடி சீமெந்துக்குள்தான் வேர்.

பழைய கன்றுகளை வெட்டிவிட்டே கிளப்புங்கள். வேர் பாதி அறும், அவ்வளவு இலையையும் அதனால் தாங்க முடியாது. பாதி உயரத்துக்கு வெட்டி, தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிச் சுற்றிவரத் தோண்டி மண்ணோடு தூக்குங்கள். ஏப்ரல் கடைசி, மே முதல் மழையோடு செய்யலாம், அல்லது ஒக்டோபரில். ஜனவரியில் செய்தால் பெப்ரவரி வறட்சி பிடித்துக்கொள்ளும்.

தனித்தனிக் கிடங்கு வேண்டாம், ஒரே அகழியாக வெட்டுங்கள். ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம், 60 அடி நீளம்: 135 கன அடி, அதாவது 1.35 கியூப். சாந்துக்கட்டி, கல் எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே போட வேண்டும், திரும்ப உள்ளே தள்ளக்கூடாது. நிரப்ப இரண்டு பங்கு தோண்டிய மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய கூட்டெரு. 45 கன அடி எரு என்றால் உரப்பைக் கணக்கில் 18 பை அளவில் வரும். பச்சைச் சாணமும் புதுக் கோழி எருவும் மண்ணுக்குள் சூடேறி வேரைக் கருக்கும். தும்புச்சோறு (தேங்காய்மட்டைத் தூள்) கலப்பதானால் முதலில் இரண்டு தண்ணீரில் அலசி உப்பை எடுங்கள்.

கபுக்கில் கவனிக்க வேண்டியது வடிகால். அலவாங்கால் வெட்டிய அகழியின் பக்கம் வழுவழுப்பாகி, நவம்பர் மழையில் தண்ணீர்த் தொட்டி மாதிரி நின்றுவிடும். ஒரு அடிக் குழியில் தண்ணீர் நிரப்பி, வடிந்ததும் திரும்ப நிரப்பிப் பாருங்கள். மணித்தியாலத்துக்கு ஒரு அங்குலமாவது இறங்க வேண்டும். இறங்காவிட்டால் அகழியின் பக்கங்களைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தாழ்ந்த முனையில் இரண்டு அங்குலப் பீவீசீக் குழாயைச் சல்லியோடு வைத்து வளவின் மழைநீர்க் கானுக்கு வழிவிடுங்கள். கொலன்னாவை, அத்திடியப் பக்கம் சதுப்பை நிரப்பிய காணியில் இருப்பவர்கள் கீழே தோண்டுவதைக் குறைத்து, 9 முதல் 12 அங்குலம் வரம்பு உயர்த்தி அதன்மேல் நடலாம்.

நிரப்பிய மண் மூன்று மாதத்தில் இரண்டு மூன்று அங்குலம் அமரும். கன்றின் கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், புதைந்தால் அழுகும், அதனால் நடும்போதே நிலமட்டத்துக்கு மேலே இருக்கட்டும்.

#9 செவ்வரத்தை_அக்கா

தம்பி, எக்ஸோரா பூக்க வேணும் எண்டால் கவ்வாத்துக்கத்தி சொன்ன வெட்டை முதல் இரண்டு வருசத்துக்குத்தான் செய்யலாம். எக்ஸோரா கிளை நுனியிலதான் பூக்கும். ஏழெட்டுக் கிழமைக்கு ஒருக்கா பெரிய கத்தரியால மொட்டை அடிச்சால் வேலி இருக்கும், பூ இராது. உயரம் வந்த பிறகு ஒரு சுற்றுப் பூ முடிய, கைக்கத்தரியால பூத்த நுனியை இரண்டு கணு கீழே வெட்டி விடுங்கோ. வருசத்துக்கு இரண்டு மூன்று தரம் போதும். கொஞ்சம் ஒழுங்கில்லாமல்தான் நிக்கும், ஆனால் சிவந்து நிக்கும்.

நந்தியாவட்டையில ஒரு விசயம். விரல் தடிப்பில பச்சைப் புழு ஒன்று வரும், அலரிப் பருந்து அந்துப்பூச்சியின்ர புழு. இரண்டு நாளில ஒரு செடியை மொட்டையாக்கும். மருந்து தேவையில்லை. கீழே கறுத்த எச்சம் கிடக்கும் இடத்துக்கு நேர் மேலே பார்த்தால் புழு இருக்கும், கையால எடுக்கலாம். செடியின்ர பால் கண்ணில படாமல் பாருங்கோ.

வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூச்சி பிடிச்சால் முதலில எறும்பைப் பாருங்கோ. எறும்புதான் அதைக் காவல் காக்கிறது. குழாய்த் தண்ணியை வேகமா அடிச்சுக் கழுவி, ஒரு லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் பாத்திரம் கழுவுற திரவம் கலந்து, பின்னேரம் இலைக்கு அடியில அடியுங்கோ. கிழமைக்கு ஒருக்கா, மூன்று தரம். கண்டபாட்டுக்குக் கடும் மருந்து வேண்டாம். 2008இல பப்பாசி வெண்பஞ்சுப் பூச்சி இலங்கைக்கு வந்து செவ்வரத்தையிலயும் ஏறினது. அதை அடக்கினது அடுத்த வருசம் கொண்டுவந்து விட்ட சின்னக் குளவிதான். கடும் மருந்து அந்தக் குளவியைத்தான் முதல் கொல்லும்.

#10 கல்கிசை_காற்று

காலி வீதிக்குக் கடல் பக்கம், கடற்கரையிலிருந்து 200 மீற்றர். எக்ஸோரா இலை நுனி கருகுகிறது. அங்கே என்ன நிற்கும்?

#11 பச்சைக்கரை

அது உப்புக்காற்று, இரும்புக்குறை அல்ல. சங்கங்குப்பி வையுங்கள். கடலோரத்திலேயே தானாக வளரும் செடி, வெட்டுக்கு நன்றாக அடர்ந்து கொடுக்கும், வெள்ளைப் பூ. இரண்டடி இடைவெளி. முள் பரவாயில்லை என்றால் போகன்வில்லா. எதுவானாலும் காற்று பலமாக அடித்த மறுநாள் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள்.

#12 பழைய_வேலி

வெள்ளவத்தையில் 7 அடிக்குப் போன செவ்வரத்தை வேலி, கீழே 3 அடிக்கு வெறும் தடி. ஒரே வெட்டில் இரண்டடிக்குக் குறைக்கலாமா? பக்கத்தில் துஜா (ஊசியிலை இனச் செடி) வரிசையும் அப்படியே நிற்கிறது.

#13 கவ்வாத்துக்கத்தி

செவ்வரத்தை பழைய தடியிலயும் கண் விடும், எக்ஸோரா, டுரன்டா, எட்டேரியாவும் அப்படித்தான். ஆனா எல்லாத்தையும் ஒரே நாள்ல வெட்டினா வேருக்குச் சாப்பாடு போடுற இலையே இருக்காது. இந்த மே மாசம் வீதிப்பக்கத்தை நடுத்தண்டு வரை ஒட்ட வெட்டுங்க, உயரத்தையும் 4 அடிக்கு இறக்குங்க. அந்தப் பக்கம் நல்லா அடைஞ்ச பிறகு, அடுத்த வருசம் வீட்டுப்பக்கம். வெட்டி ஒரு மாசம் கழிச்சு, தளிர் வந்ததும் எரு.

துஜாவுல மட்டும் இதைச் செய்யாதீங்க. இலை இல்லாத பழைய மரத்திலிருந்து அது திரும்பத் தளிர்க்காது. பச்சை முடியிற இடத்துக்கு உள்ளே கத்தி போனா அந்த ஓட்டை அப்படியே நிக்கும். மொட்டையான துஜாவுக்கு முன்னால குட்டைச் செடி ஒரு வரிசை வெச்சு மறைக்கலாம், இல்லாட்டி எடுத்துட வேண்டியதுதான்.

#14 அலவாங்கு

எல்லோருக்குமாக ஒன்று. வேலி அடியில் அழகுக்காக புரோமிலியாட் வைக்கிறார்கள். அதன் இலைக் கிண்ணத்தில் தண்ணீர் நின்று டெங்கு நுளம்பு பெருகும். வீதியோர வேலிக்குள் எறியும் யோகட் கோப்பை, பொலித்தீன் எல்லாமும் அப்படித்தான், அடர்ந்த வேலிக்குள் வெளியே தெரியாது. சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பொறுப்பு வளவுக்காரருக்குத்தான். கிழமைக்கு ஒருமுறை குனிந்து அடியைப் பாருங்கள். அடியில் இலைக்குப்பையோ வெட்டிய கழிவோ இரண்டு அங்குலத்துக்குப் பரப்புங்கள், தண்டில் முட்டாமல். பெரிய நத்தை அதற்குள் ஒளியும், இரவில் வெளிச்சம் பிடித்துக் கையுறையோடு பொறுக்க வேண்டும். உப்புத் தூவ வேண்டாம், நத்தையோடு வேரும் போகும்.

#15 தெஹிவளை_வாசல்

எல்லாருக்கும் மெத்தப் பெரிய உதவி. திட்டம் இப்படி: வரிசை நடு மதிலில இருந்து 2 அடி. வெயில் பக்கம் 27 எக்ஸோரா, நிழல் பக்கம் 10 நந்தியாவட்டை. மே மழையோட நடவு. சொட்டு நீருக்கு 16 மில்லிமீற்றர் குழாய், கன்றுக்கு ஒரு 4 லீற்றர் சொட்டி. 37 சொட்டி, மணித்தியாலத்துக்கு 148 லீற்றர். மொட்டைமாடித் தாங்கி 500 லீற்றர், 15 அடி உயரம். மழை இல்லாத நாளில ஒருநாள் விட்டு ஒருநாள் 45 நிமிடம். முன்பக்கம் சாய்வுக்குக் கயிறு கட்டுறன். பின்பக்கம் மதில் மறைக்கும்தானே, அதை விடலாம் எண்டு நினைக்கிறன்.

#16 அலவாங்கு

சொட்டி வாங்கும்போது அழுத்தம் சரிசெய்யும் வகை வேண்டாம். 15 அடித் தாங்கியில் அரை பார் அழுத்தமும் வராது, அந்த வகை திறக்காது அல்லது ஒழுங்கில்லாமல் சொட்டும். சாதாரண வகை போதும். தாங்கி வாயில் வடிகட்டி கட்டாயம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குழாயின் கடைசி மூடியைக் கழற்றிச் சேற்றை அடித்து வெளியேற்றுங்கள்.

#17 கவ்வாத்துக்கத்தி

பின்பக்கத்தை விட்டுடாதீங்க. 4 அடி வரைக்கும் மதில் நிழல்ல அது மெலிஞ்சுதான் இருக்கும், அதுல தப்பில்லை. ஆனா மேலே உள்ள ஒரு அடி மதிலுக்கு மேல வெயில் குடிச்சு வீதிப் பக்கமா சாயும். இரண்டு வருசத்துல முழு வேலியும் மதில்மேல படுத்துடும், முன்பக்கம் வெளுக்கும். ஒவ்வொரு வெட்டுலயும் முதல்ல பின் உச்சியை வெட்டுங்க, பிறகு முன்பக்கம், கடைசியா தலை. அந்த ஒரு அடி இடைவெளிக்குள்ள பக்கவாட்டா நடந்து போக முடியணும், அதனால அங்கே பூச்சட்டி எதுவும் வெக்காதீங்க.